பெட்டி கட்டும் முன்னே

பீச்சிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் தினம் பிரயாணம் செய்கிற சகோதரிகளுக்கு ஸ்டேஷன் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். பல்லாவரம் தாண்டினால் குரோம்பேட்டை, அதைத் தாண்டினால் தாம்பரம் சானடோரியம், அப்புறம் தாம்பரம். இந்த நான்கில் நடுவில் உள்ள இரண்டும் தமிழ்ப் பெயர்கள் அல்ல என்பதை நம்மில் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? இரண்டுமே கப்பலேறி வந்த வித்தைகளின் பெயர்கள்.

தோலைப் பதப்படுத்துவதற்கு நம்மவர்கள் காலம் காலமாக ஆவாரம்பட்டையை உபயோகித்து வந்தார்கள். குரோமிய உப்பைக் கொண்டு பதப்படுத்தும் முறை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் தோன்றியது. சென்னை கலைத்தொழிற் பள்ளியின் தலைவராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் துரை அதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே செய்து பார்த்தார். அவர் கவனம் முதலில் போன இடங்களில் ஒன்று எது தெரியுமா? நம் குடியானவர்கள் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலைச் சால்! தண்ணீரில் ஊறிக் கொண்டே இருக்கும் அந்தத் தோல் சீக்கிரம் இற்றுப் போகாமல் இருக்க இந்தப் புது முறை உதவுமா என்று பார்த்தார். பிற்பாடு சேம்பர்ஸ் என்பவரின் குரோம் தோல் தொழிற்சாலை இந்தப் பக்கத்தில் வந்தது. ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்து விட்டது.

சானடோரியத்தின் கதையும் இதைப் போன்றதுதான். டாக்டர் சவரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் க்ஷயரோக ஆஸ்பத்திரி நடத்தி வந்தவர். நல்ல காற்றும் நல்ல உணவும் ஓய்வுமாக நோயாளியைத் தேற்றும் அந்த முறையை இங்கே கொண்டு வந்து, 1928-ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் அமைத்தார்.

ஆகவே வெளிதேசம் போவதும், பார்ப்பதும், கொண்டு வருவதும் நம் தாம்பரத்துக்குப் புதிய சமாசாரம் அல்ல. ஆனால் இப்போது நம் வீடுகளுக்கு அது வேறு ரூபத்தில் வந்திருக்கிறது. பிள்ளையோ பெண்ணோ மானேஜ்மென்ட் படிப்பில் சேர்ந்து ஓராண்டு ஆனதும், காலேஜிலிருந்து ஒரு காகிதம் வருகிறது. "வெளிநாட்டுக் கல்விப் பயணம். பத்து நாள். கம்பெனிகளை நேரில் பார்வையிடல்." அடியில் ஒரு தொகை. அந்தத் தொகையைப் பார்த்ததும் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறார். அம்மா கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்துக் கொள்கிறாள்.

"ஏம்மா, இது படிப்பா, ஊர் சுற்றலா?" என்று கேட்கிறாள் பெண்ணைப் பார்த்து.

"படிப்புத்தான் அம்மா. எல்லாரும் போறாங்க."

"எல்லாரும் போறாங்க என்றால் அது கல்யாண ஊர்வலமாகவும் இருக்கலாமே!"

அம்மாள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்த வாரம் இந்தப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

முதலில், அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்து கொள்வோம். காலையில் பஸ் வருகிறது. நாற்பது பேர் ஏறிக் கொள்கிறார்கள். கம்பெனி வாசலில் புன்னகையோடு ஒருவர் வரவேற்கிறார். குளுகுளு அறையில் உட்கார வைத்து, கம்பெனியின் பெருமைகளைத் திரையில் காட்டுகிறார்கள். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் நின்று இயந்திரங்கள் ஓடுவதைப் பார்க்கலாம். "தொடாதீர்கள், படம் எடுக்காதீர்கள்!" கடைசியில் தேநீர், பிஸ்கோத்து, கையில் ஒரு பை, வாசலில் ஒரு குரூப் போட்டோ. மத்தியானம் இன்னொரு கம்பெனி. சாயங்காலம் கடைவீதி.

யோசித்துப் பாருங்கள். நம் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாம் எந்த அறையைக் காட்டுகிறோம்? கூடத்தைத்தான். அழுக்குத் துணி மூட்டையையும் அடைசலாகக் கிடக்கிற பரணையும் காட்டுவோமா? கம்பெனிக்காரரும் குடும்பஸ்தர்தானே! பத்து நாளில் பதினைந்து கம்பெனிகளின் கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு, "ஜப்பானில் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று தெரிந்து கொண்டேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதை எவ்வளவு தூரம் நம்புவது?

அப்படியானால் பயணமே வீணா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லி விடாதீர்கள். உலகத் தொழிலையே மாற்றிய ஒரு பயணத்தைச் சொல்கிறேன்.

1956-ஆம் ஆண்டு. டொயோட்டா கார் கம்பெனியில் உற்பத்திப் பொறுப்பில் இருந்த தைச்சி ஓனோ என்பவர் அமெரிக்காவுக்குப் போனார். யுத்தத்தில் தோற்று நொந்து போயிருந்த தேசம் ஜப்பான். அமெரிக்கத் தொழில்களைப் பார்த்து வர 1955 முதல் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குழுக்கள் அங்கிருந்து புறப்பட்ட காலம் அது. ஓனோவும் ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் முதலிய பெரிய தொழிற்சாலைகளையெல்லாம் பார்த்தார். ஆனால் அவர் மனத்தை மிகவும் கவர்ந்தது கார்த் தொழிற்சாலை அல்ல; அமெரிக்கர்கள் மளிகை சாமான் வாங்கும் சூப்பர் மார்க்கெட்!

அங்கே என்ன கண்டார்? ஒரு குடும்பத் தலைவி வருகிறாள். தனக்கு வேண்டியதை, வேண்டிய சமயத்தில், வேண்டிய அளவு மட்டும் தட்டிலிருந்து எடுத்துக் கொள்கிறாள். எடுத்த இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தைப் பார்த்துக் கடைக்காரன் அதே அளவு சாமானைக் கொண்டு வந்து நிரப்புகிறான். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. காலி இடமே உத்தரவு.

கார்த் தொழிற்சாலைகளில் அப்போது நடந்தது இதற்கு நேர்மாறு. முந்தின பகுதிக்காரர்கள் உருப்படிகளைச் செய்து செய்து அடுத்த பகுதியில் தள்ளிக் கொண்டே இருப்பார்கள். வேண்டியது கிடைக்காது, வேண்டாதது மலையாகக் குவிந்திருக்கும். ஓனோ இதைத் திருப்பிப் போட்டார். அடுத்த பகுதிக்காரன்தான் வாடிக்கைக்காரன். அவன் வந்து வேண்டியதை எடுத்துக் கொள்ளட்டும். எடுத்த அளவை மட்டும் நீ செய்து வை! எவ்வளவு எடுத்தார்கள் என்பதைத் தெரிவிக்க ஓர் அட்டை. அந்த அட்டைக்குப் பெயர் கான்பான். மானேஜ்மென்ட் படிக்கிற பிள்ளைகள் இன்று உலகம் முழுவதும் உருப்போடுகிற சொல் இது.

நமக்கு இதில் என்ன ஆச்சரியம்? இரண்டு காஸ் சிலிண்டர் வைத்துக் கொண்டு, ஒன்று தீர்ந்ததும் அடுத்ததற்குச் சொல்லி வைக்கிற ஒவ்வொரு வீட்டிலும் கான்பான் நடக்கிறது. இட்லிக்கு ஒரு வாரத்து மாவை ஒரே நாளில் அரைத்து வைத்தால் புளித்துப் போகும் என்பது நமக்குத் தெரியாதா? தொழிற்சாலையில் குவித்து வைத்த சாமானும் புளித்த மாவுதான். பணம் அதில் முடங்கிக் கிடக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூப்பர் மார்க்கெட்டுக்கு அதற்கு முன்பும் எத்தனையோ ஜப்பானியர் போயிருப்பார்கள். பழம் வாங்கியிருப்பார்கள், ரொட்டி வாங்கியிருப்பார்கள். ஓனோ மட்டும் அங்கே ஒரு தொழிற்சாலையைக் கண்டார். காரணம், "சாமான் குவியாமல் வேலை நடத்துவது எப்படி?" என்ற கேள்வியோடு அவர் பல வருஷங்களாக மல்லாடிக் கொண்டிருந்தார். அமெரிக்கக் கடைகளைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தம் பட்டறையில் அந்த யோசனையைச் சோதித்தும் வந்தார். கேள்வியை ஊரிலேயே எடுத்துக்கொண்டு புறப்பட்டதால், பதில் கண்ணில் பட்டது.

நம் தமிழ் நாட்டிலும் இதற்கு ஜோடியாக ஒருவர் உண்டு. மதுரை டாக்டர் வெங்கடசாமி. மூட்டு வாதத்தால் விரல்கள் கோணிப் போன நிலையிலும் கண் அறுவை செய்யப் பழகியவர். சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் அமெரிக்கா போயிருந்தபோது, மூலைக்கு மூலை இருந்த மக்டொனால்ட்ஸ் பலகாரக் கடைகளைப் பார்த்தார். எந்த ஊருக்குப் போனாலும் அதே ருசி, அதே அளவு, அதே வேகம். விலையும் எளியவருக்கு எட்டும். மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக் கொண்டார்கள். டாக்டரோ, "பலகாரத்தை இப்படிக் கொடுக்க முடியுமானால் கண்பார்வையை ஏன் கொடுக்க முடியாது?" என்று யோசித்தார்.

அதன் பலன் என்ன? அறுவை அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள். ஒரு நோயாளிக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் தயாராக இருக்கிறார்; டாக்டர் திரும்பினால் போதும். தயார் செய்கிறவர்கள் யார்? கிராமத்துப் பெண்கள்! பள்ளிப் படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்து இந்தப் பொறுப்பான வேலையில் அமர்த்தினார்கள். பணம் கொடுப்பவர் கொடுக்க, இல்லாதவருக்கு இலவசம். கண்ணுக்குள் வைக்கும் வில்லை விலை கூடியதாக இருந்ததால், 1992-ல் ஆரோலேப் என்று சொந்தமாகவே தொழிற்கூடம் வைத்து அதன் விலையைக் குறைத்தார்கள். 1993-ல் ஹார்வர்டு வர்த்தகப் பள்ளி இந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு பாடமே எழுதி வெளியிட்டது. மக்டொனால்ட்ஸைப் பார்த்து வந்தவரின் ஆஸ்பத்திரியைப் பார்க்க இப்போது அமெரிக்க மாணவர்கள் மதுரைக்கு வருகிறார்கள். 2017 முதல் சென்னையில் பூந்தமல்லிப் பக்கத்திலும் அரவிந்த் ஆஸ்பத்திரி இருக்கிறது.

சென்னைத் தொழில்களும் ஜப்பானைப் பார்த்துக் கற்றவைதான். ஓனோ அமெரிக்கா போன அதே 1956-ல், விக்ரம் சாராபாய் தலைமையில் ஓர் இந்தியக் குழு ஜப்பான் தொழில்களைப் பார்த்து வந்தது. அதன் தொடர்ச்சியாக 1958-ல் தேசிய உற்பத்தித் திறன் கவுன்சில் ஏற்பட்டது. 1959-ல் வெளிநாட்டுத் தொழில்நுட்பர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானில் ஏ.ஓ.டி.எஸ். என்ற சங்கம் தொடங்கியது. அங்கே பயிற்சி பெற்றுத் திரும்பிய நம்மவர்கள் சென்னையில் ஒரு பழைய மாணவர் சங்கம் அமைத்து, ஜப்பானிய பாஷையும் கற்றுக் கொடுத்து வருகிறார்கள்.

ஜப்பானில் தொழில் தரத்துக்குக் கொடுக்கும் பெரிய விருது டெமிங் பரிசு, 1951-ல் ஏற்பட்டது. 1998-ல் முதன் முதலாக ஓர் இந்தியக் கம்பெனிக்கு அது கிடைத்தது. எது? பாடியில் உள்ள நம் சுந்தரம்-கிளேட்டன். 2007-ல் வேளச்சேரியில் தொழிற்சாலை வைத்து வளர்ந்த ரானே (மெட்ராஸ்) கம்பெனிக்கும் கிடைத்தது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி எவ்வளவு தூரம்? ஒரு சினிமாவுக்குப் போகிற தூரம்!

இந்தப் பரிசுக்குப் பின்னால் உள்ள தத்துவமும் சமையலறைத் தத்துவம்தான். ரசத்தை இலையில் பரிமாறிய பிறகு உப்பு ஜாஸ்தி என்று கண்டுபிடித்து என்ன பிரயோசனம்? கொதிக்கும்போதே பார்க்க வேண்டும். பார்ப்பவள் சமைப்பவளாகவே இருக்க வேண்டும். சாமான் முடிந்த பிறகு ஒரு பரிசோதகர் வந்து நல்லது கெட்டது பிரிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு தொழிலாளியும் தன் கையில் இருக்கும்போதே தரத்தைக் கவனிப்பது. அவ்வளவுதான்.

2007-ல் இந்திய, ஜப்பானிய அரசுகளின் ஒத்துழைப்போடு தொழில் தலைவர்களை உருவாக்கும் ஒரு திட்டம் தொடங்கியது. கல்கத்தா ஐ.ஐ.எம்., கான்பூர் ஐ.ஐ.டி., நம் கிண்டிப் பக்கத்து சென்னை ஐ.ஐ.டி. மூன்றும் சேர்ந்து இதில் ஒரு மானேஜ்மென்ட் வகுப்பு நடத்தின. மாணவர்கள் ஜப்பான் சென்று கம்பெனிகளைப் பார்ப்பது பாடத்தில் ஒரு பகுதி. திட்டத்துக்கு வழிகாட்டியவர் ஷோஜி ஷிபா என்ற பேராசிரியர். 2012-ல் நம் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அவர் ஓர் உவமை சொல்வது வழக்கம். மீன் தொட்டியை வெளியே நின்று பார்த்தால் மீனைப் பற்றித் தெரியாது. தொட்டிக்குள் குதித்து மீனோடு நீந்து. பிறகு வெளியே வந்து, கண்டதை நிதானமாக யோசி!

பத்து நாள் சுற்றுலாவில் தொட்டிக்குள் குதிக்க முடியுமா? சந்தேகம்தான். ஆனால் நம் தாம்பரத்தைச் சுற்றி எத்தனை தொட்டிகள் இருக்கின்றன பாருங்கள்! சானடோரியத்தில் 1984 முதல் இருக்கிற ஏற்றுமதி வளாகமான மெப்ஸ். காலை ஷிப்டுக்கு எத்தனை பெண்கள் டிபன் பாத்திரத்தோடு உள்ளே போகிறார்கள்! அவர்களில் ஒருத்தி நம் தெருவிலேயே இருப்பாள். எந்த ஊருக்குச் சாமான் போகிறது, ஆர்டர் குறைந்தால் யாருக்கு வேலை போகிறது என்று அவளிடம் கேட்டால், எந்தக் குளுகுளு அறையிலும் சொல்லாத பாடம் கிடைக்கும்.

வெளிநாட்டில் காட்டாத இன்னொன்றையும் இங்கே பார்க்கலாம். மூடின கதவு! வண்டலூர்ப் பக்கம் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் தயாராயின. அந்தக் கம்பெனி இன்று இல்லை. மறைமலைநகர் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக 2021-ல் அறிவித்தார்கள், 2022-ல் நின்றது. ஜி.எஸ்.டி. ரோடு ஓரத்து எத்தனை குடும்பங்களில் அன்றைக்குச் சாதம் இறங்கியிருக்காது! நல்ல கம்பெனி ஏன் நன்றாக நடக்கிறது என்பது பாதிப் படிப்பு. பெரிய கம்பெனி ஏன் நின்று போகிறது என்பது மீதிப் பாதி. இந்த மீதிப் பாதிக்கு விமானச் சீட்டு வேண்டாம். மின்சார ரயில் சீட்டே போதும்.

ஆகவே சகோதரிகளே, காலேஜிலிருந்து காகிதம் வந்தால் உடனே "சரி" என்றும் சொல்ல வேண்டாம், "கூடாது" என்றும் சொல்ல வேண்டாம். சில விஷயங்களை விசாரியுங்கள். பத்து நாளில் கம்பெனிகளுக்கு எத்தனை நாள்? அவற்றில் வேலை நடக்கும் இடத்துக்குள் போக அனுமதி உண்டா? வேலை செய்கிறவர்களோடு பேச வழி உண்டா? கூடப் போகும் ஆசிரியர், போகுமுன் பாடம் நடத்துகிறாரா, வந்தபின் எழுதி வாங்குகிறாரா? மிக முக்கியமாக, பணம் கட்ட முடியாத பிள்ளைக்குப் பதிலாக என்ன வேலை கொடுக்கிறார்கள்? இதைக் கேட்க வெட்கப்படாதீர்கள். வகுப்பில் நம் பெண் ஒருத்திதான் போகவில்லை என்ற அவமானத்துக்குப் பயந்து, வட்டிக்கு வாங்கிக் கட்டுகிற குடும்பங்கள் இருக்கின்றன. மெப்ஸ் வாசலிலும் மறைமலைநகரிலும் பத்து நாள் அலைந்து ஒழுங்காக எழுதி வந்த பெண், கண்ணாடிக்குப் பின்னால் நின்று வந்தவளுக்கு எந்த விதத்திலும் குறைந்தவள் அல்ல.

இன்னொரு விஷயமும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக்கு என்றால் கடன் வாங்கியாவது அனுப்புகிற அப்பா, பெண்ணுக்கு என்றால், "அவ்வளவு தூரம் தனியாகவா?" என்று ஆரம்பிக்கிறார். கடைச் சாமானையும் சமையலறைச் சிக்கனத்தையும் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த பெண்ணுக்குக் கம்பெனியைப் பார்க்கும் கண் ஒரு படி கூடுதலாகவே இருக்கும் என்பது என் அபிப்பிராயம். பணம் இருந்து, பயணமும் நல்லதாக இருந்தால், அவளை நிறுத்தி வைக்காதீர்கள்.

அவள் புறப்படுகிறாள் என்றே வைத்துக் கொள்வோம். பெட்டியில் நாம் என்ன வைப்போம்? கம்பளிச் சட்டை, பருப்புப் பொடி, மாவடு ஊறுகாய், தலைவலித் தைலம். எல்லாம் வையுங்கள். கூடவே ஒரு சிறு நோட்டுப் புத்தகமும் வையுங்கள். அதன் முதல் பக்கத்தில், இந்த ஊரிலேயே பார்த்து, பதில் தெரியாமல் திகைத்த மூன்று கேள்விகளை அவளையே எழுதச் சொல்லுங்கள். எதை எழுதுவது என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக் கொண்டு உட்கார்ந்தாளானால், பெட்டியை அப்படியே வைத்துவிட்டு முதலில் ஒரு நடை ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் அனுப்பி வையுங்கள்!